கறுப்பு செட்டா, வெள்ளி செட்டா

ஜனவரி 19, வெள்ளி

மிளகு பறிப்பு ஆரம்பித்தாயிற்று. காலையிலிருந்து ஏணி மேல்தான். கழுத்து வலி, முழங்கால் வலி, போதாததற்கு முசுறு எறும்பு.

காணும் பொங்கலுக்கு எருமப்பட்டிப் பக்கம் கச்சேரி. நன்றாகத்தான் வாசித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சாமான்களை வேனில் ஏற்றும்போது தமிழ்செல்வன் பக்கத்தில் வந்து நின்றான். “பூபதி, உன் கிட்டார் காதுல குத்துதுடா. கண்ணாடிய ஒடைச்சுப் போட்டாப்புல இருக்குது. பிக்கப் பழசாயிருச்சாட்ட. மாத்திரு.”

இரண்டு நாளாக அதுவே மனதில் ஓடுகிறது. பிக்கப் பழசுதான், மறுக்கவில்லை. ஆனால் குத்துகிறதா? எனக்கென்னவோ சத்தம் மங்கிக்கொண்டு வருகிற மாதிரிதான் இருக்கிறது. அதனால்தான் ஆம்பில் மேல் சத்தத்தைத் தூக்குகிற ட்ரெபிளை ஏற்றி வைக்கிறேன்.

மிளகு உதிர்த்துக்கொண்டே அம்சவேணி கேட்டாள். “பிக்கப்புன்னா என்னதுங்க?” சொன்னேன். கம்பிக்கு அடியில் இருக்கிற காந்தம். அதைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பி. அதிர்வைப் பிடித்து ஆம்புக்கு அனுப்பும். என்னுடையது ஹம்பக்கர். இரண்டு சுருள் ஒட்டிக்கொண்டு இருக்கும், ஒன்று இரைவதை இன்னொன்று அடக்கிவிடும்.

“நம்ம ஊட்ல அடக்கறது நானுங்களா, நீங்களா?” என்று சிரித்தாள். பிறகு குனிந்தபடியே, “மாத்தித்தான் பாருங்களேன்” என்றாள்.

ஜனவரி 23, செவ்வாய்

சேலம் போய் வந்தேன். மலை வளைவெல்லாம் சுற்றி இறங்கியதில் காது அடைத்துக்கொண்டது. முன்பெல்லாம் அடிவாரத்தில் காரவள்ளி வந்து எச்சிலை விழுங்கினால் திறந்துவிடும். இப்போது சேலம் வரை அடைத்தபடியே இருக்கிறது. சளியாக இருக்கும்.

சசிதரன் கடை மாடியில். கிட்டார் ரிப்பேர் செய்கிறவர், பிக்கப்பும் அவரே சுற்றுகிறார். பொறுமையான மனிதர். இரண்டு செட் எடுத்து வைத்தார், கறுப்பு மூடி போட்டது ஒன்று, வெள்ளி மூடி போட்டது ஒன்று.

“சுத்து ரெண்டுலயும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்க. காந்தந்தான் வேற. கறுப்பு கொஞ்சம் வேகம், மேல் சத்தம் பளிச்சுனு வரும். வெள்ளி சாந்தமுங்க, ஓரமெல்லாம் மழுங்கி உருண்டையா வரும். ரெண்டுமே உங்க பழசாட்டக் குத்தாது.”

கடையில் இரண்டு கிட்டாரில் மாட்டி வைத்திருந்தார். வாசித்தேன். மாற்றி மாற்றி வாசித்தேன்.

“தெரியுதுங்களா?”

“தெரியுதே” என்றேன்.

“உங்களுக்கு எதுங்க பிடிச்சுது?”

“யோசிச்சுச் சொல்றேன்.”

“ரெண்டையும் கொண்டுபோய் உங்க கிட்டார்லயே மாட்டிப் பாருங்க. வேண்டாததத் திருப்பிக் குடுங்க, போதும். தமிழ்செல்வன் அண்ணன் ஆளுதானுங்களே நீங்க.”

தமிழ்செல்வன் ஆளாம். மலைச்சாரல் இன்னிசைக் குழுவை ஆரம்பித்தது இரண்டு பேர். ராசிபுரம் காலேஜ் ஹாஸ்டலில் ஒரே அறை. அவன் பாடினான், நான் வாசித்தேன். பேர் வைத்ததே நான். அவன் சேந்தமங்கலத்துக்காரன், கீழேயே இருந்தான், புக்கிங் பேசினான், வேன் வாங்கினான். நான் மேலே ஏறி வந்து மிளகுக்கொடி கட்டினேன். இன்று நான் அவன் ஆள்.

ஜனவரி 24

தெரியுதே என்று ஏன் சொன்னேன்?

ஜனவரி 28, ஞாயிறு

நேற்றுக் கறுப்பு. இன்று வெள்ளி. கம்பிகளைக் கழற்றி, பழசை எடுத்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, திரும்பக் கம்பி கட்டி... இரண்டு நாள் போய்விட்டது. ஒரே பிட்டை இரண்டிலும் வாசித்து போனில் பதிவு செய்தேன். போட்டுக் கேட்டேன். திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒன்றுதான்! இரண்டும் ஒன்றேதான். மூடியில் மட்டும்தான் வித்தியாசம்.

யூடியூபில் இதே மாதிரி இரண்டு செட்டை வைத்துக்கொண்டு ஊர் உலகமெல்லாம் சண்டை போடுகிறது. இது தேன் என்கிறான் ஒருவன். அது கத்தி என்கிறான் இன்னொருவன். விற்கிறவன் கட்டின கதையை வாங்கினவன் நம்பித்தானே ஆகவேண்டும். சசிதரனும் வியாபாரிதான். பொறுமையான வியாபாரி.

சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். காடே அமைதி. இந்த வருஷம் சில்வண்டுச் சத்தமே இல்லை. போன வருஷமும் இருந்த மாதிரி ஞாபகமில்லை. இருக்கிற மரத்தை எல்லாம் வெட்டிவிட்டு வரிசையாக சில்வர் ஓக்கை நட்டு மருந்தும் அடித்தால் எங்கிருந்து கத்தும்? நாமும்தான் நட்டோம்.

பிப்ரவரி 4, ஞாயிறு

சேந்தமங்கலத்தில் ரிகர்சல். கறுப்பு செட். ஒரு பாட்டு முடிவதற்குள் தமிழ்செல்வன் கையைத் தூக்கினான். “இன்னும் குத்துதுடா.”

“புது செட்டுடா இது.”

“அப்ப இன்னொண்ணப் போட்டுப் பாரு.”

டிரம்ஸ் வாசிக்கிற ராசு குச்சியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். குச்சியை எதற்குத் துடைக்கிறான்?

பிப்ரவரி 11, ஞாயிறு

வெள்ளி செட். அதே பாட்டு. அதே கை தூக்கல். இந்தத் தடவை வார்த்தைகூடக் கிடையாது. உதட்டைப் பிதுக்கினான்.

ஹாலில் ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருந்தாள். ராதிகா என்று பேர். நாமக்கல். என்ஜினியரிங் படித்தவளாம், கிட்டார் வாசிப்பாளாம். “சும்மா பாக்க வந்திருக்குது” என்றான் தமிழ்செல்வன். சும்மா பார்க்க வந்தவள் என் ஆம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது, “அண்ணா, ட்ரெபிள் முழுசா வெச்சிருக்கீங்களே, வேணும்னுதானுங்களா?” என்று கேட்டாள்.

“வேணும்னுதான்” என்றேன். தமிழ்செல்வன் அவளைச் சட்டென்று டீ குடிக்கக் கூப்பிட்டான்.

பிப்ரவரி 12

நேற்று வந்த பிள்ளை எனக்கு ட்ரெபிள் சொல்லிக்கொடுக்கிறது.

பிப்ரவரி 22, வியாழன்

மிளகு காய்கிறது. செட் இரண்டும் அலமாரியில் தூங்குகின்றன. பழசையே திரும்ப மாட்டிவிட்டேன். என்னவோ எனக்கு அது போதும்.

மார்ச் 3, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. எழுதியே ஆகவேண்டும்.

மத்தியானம் அம்சவேணி பாயில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். இந்த இழவை இன்றோடு முடித்துவிடலாம் என்று போனில் இருந்த இரண்டு பதிவையும் போட்டேன். “எதையாவது ஒண்ணச் சொல்லு. உனக்குப் பிடிச்சத வெச்சுக்கறேன், மத்ததக் குடுத்தர்றேன்” என்றேன். இரண்டும் ஒன்றுதான் என்பாள், சிரித்துக்கொண்டே சீட்டுக் குலுக்கிவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

முறம் நின்றது. “ரெண்டாவதுங்க” என்றாள். “மொதல்ல போட்டது ஊசியாட்டக் குத்துது. ரெண்டாவது பதமா இருக்குது.”

சிரித்தேன். மாற்றிப் போட்டேன். “இதுதானுங்க அந்த ஊசி.” திரும்பவும் மாற்றினேன். சரியாகச் சொன்னாள். போனைப் பார்க்கிறாள் என்று நினைத்து, “அந்தப் பக்கம் திரும்பு” என்றேன். திரும்பி உட்கார்ந்தாள். ஒரு முறை கூடத் தப்பவில்லை. ஒரே பதிவை அடுத்தடுத்துப் போட்டேன். “இப்ப ஏன் ரெண்டு தடவையும் அதையே போடறீங்க?” என்றாள்.

இவளுக்குப் பாட்டென்றால் சமையல் செய்யும்போது ஓடுகிற ரேடியோ. ஹம்பக்கர் என்றால் என்னவென்று ஜனவரியில்தான் தெரியும்.

“உங்களுக்கு நெசமாவே தெரியலீங்களா?”

 எழுந்து வாசலுக்குப் போனேன். அவளும் வந்து நின்றாள். கோபத்தில் எதையாவது சொல்லவேண்டுமே என்று, “காடு செத்துப்போச்சு. ஒரு சில்வண்டாவது கத்துதா பாரு” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்த பார்வை...

“கத்துதுங்க” என்றாள். “இப்பக்கூடக் கத்துது. காது அடைக்கறாப்புல கத்துது.”

நின்றேன். கேட்டேன். இலை அசைந்தது தெரிந்தது. பாலு வீட்டு நாய் குரைத்தது கேட்டது. வேறு ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை.

மார்ச் 7, வியாழன்

நாமக்கல்லில் காது டாக்டரைப் பார்த்தோம். கண்ணாடி போட்ட சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினார்கள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் அழுத்தினேன். பிறகு காத்திருந்தேன். மெஷினை நிறுத்திவிட்டார்களோ என்று வெளியே அதை இயக்கிக்கொண்டிருந்த பெண்ணை எட்டிப் பார்த்தேன். நிறுத்தவில்லை. அவள் பாட்டுக்குச் சத்தத்தை அனுப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. “என்ன வேலை பாக்கறீங்க?” என்று கேட்டார். விவசாயம் என்றேன். “மரம் அறுக்கற மெஷின் ஓட்டுவாருங்க, பாட்டுக் கச்சேரில கிட்டார் வாசிப்பாருங்க” என்று அம்சவேணி சொன்னாள். அவர் தலையாட்டினார். கீழ் சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது, மேல் சத்தம்தான் போய்விட்டது என்றார். வருஷக்கணக்கில் சத்தத்திலேயே இருந்ததால் வந்தது. போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளலாம், காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு தெளிவாகும்.

“பாட்டு?” என்றேன்.

“பேச்சுக்குத்தாங்க அது முதல்ல” என்றார்.

இதோடு முடிந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பஸ் காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பித்ததும் அம்சவேணி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “தமிழ்செல்வன் அண்ணன் போன வருசமே எங்கிட்டச் சொன்னாருங்க. அவிய தங்கச்சி பொண்ணு சீருக்குப் போனமே, அன்னிக்கு. பூபதிக்குக் காது சரியில்லம்மா, வாசிப்புல தெரியுதுன்னாரு. நாந்தான்... நாந்தான் உங்ககிட்டச் சொல்லவேண்டாம்னேன்.”

“ஏன்?”

“வேற எதச் சொன்னாலும் தாங்கிக்குவீங்க. இத எப்படிங்க சொல்றது? நீங்களாத் தெரிஞ்சுக்குவீங்கன்னு இருந்தேன். டிவி சத்தத்த ஏத்தி ஏத்தி வெப்பீங்க, நா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்.”

ஆக, அவனுக்குத் தெரியும். இவளுக்குத் தெரியும். ராசுவுக்கும் தெரிந்திருக்கும், அதான் குச்சியைத் துடைத்தான். எனக்கு மட்டும் தெரியாது. எல்லாரும் சேர்ந்து என் கையில் இரண்டு பிக்கப்பைக் கொடுத்து விளையாட விட்டிருக்கிறார்கள்.

செம்மேட்டில் இறங்கும் வரை நான் பேசவில்லை. இறங்கின பிறகும் பேசவில்லை.

மார்ச் 9, சனி

தமிழ்செல்வனுக்கு நானே போன் போட்டேன்.

“பிக்கப் பழசுன்னு சொன்னியேடா” என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. லைன் போய்விட்டதோ, என் காதுதான் போய்விட்டதோ என்று பார்த்தேன். பிறகு, “அம்சா சொல்லிருச்சா?” என்றான்.

“ஒரு வருசமா என்னய மேடையில வெச்சுப் பாத்திருக்கீங்கடா எல்லாரும். செவுடன் வாசிக்கறான், வேடிக்க பாருங்கன்னு.”

“அப்படி இல்லடா. உங்கிட்ட எப்படிச் சொல்றது? எத்தன தடவ வாயெடுத்தேன் தெரியுமா? உம் மூஞ்சியப் பாத்தா வரமாட்டேங்குது. பிக்கப்ப மாத்துனா நீ கொஞ்சம் ட்ரெபிள எறக்குவேன்னு பாத்தேன்.”

“எறக்குன்னு சொல்லியிருக்கலாமில்ல? ஒரே வார்த்த. எறக்குடான்னா எறக்கியிருப்பேன்.”

“எறக்கியிருக்க மாட்டடா நீ.”

அது உண்மையாகக்கூட இருக்கலாம். அதனால்தான் இன்னும் எரிகிறது.

கடைசியில், “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு. பங்குனி சீசனுக்கு முன்னாடி ஒக்காந்து பேசலாம்” என்றான். சரி என்று வைத்தேன். பேசலாம் என்றானே, அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இப்போது உட்கார்ந்திருக்கிறேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 18, திங்கள்

மிளகைக் கடையில் போடக் காளப்பநாயக்கன்பட்டி போனேன். பஸ் ஸ்டாப் சுவரில் போஸ்டர். மாரியம்மன் பண்டிகை, மலைச்சாரல் இன்னிசைக் குழு. தமிழ்செல்வன் மைக்கோடு நடுவில். பக்கத்தில் கிட்டாரோடு அந்தப் பெண். லீட் கிட்டார்: ராதிகா.

போஸ்டரின் ஓரம் காய்ந்து சுருண்டிருந்தது. புதிதாக ஒட்டினதில்லை. நான் போன் பேசின அன்றைக்கே இது சுவரில் இருந்திருக்கும்.

உட்கார்ந்து பேசலாமாம்.

மார்ச் 19

அம்சவேணியிடம் போஸ்டர் தெரியுமா என்று கேட்டேன். சாமி சத்தியமாகத் தெரியாது என்று அழுதாள். நம்பவில்லை என்றேன். நம்புகிறேன். ஆனால் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

காது மெஷின் வந்தது. மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனேன். சில்வண்டு கேட்டது. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி. நான் நினைத்து வைத்திருந்தது இதுவல்ல.

கிட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் தகரம். மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ராதிகா மேலே வந்தாள். போன் கூடச் செய்யவில்லை. செம்மேட்டில் இறங்கி விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாள், முதுகில் கிட்டாரோடு. அம்சவேணி தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் பிட்டுகளைக் கற்றுக்கொள்ள வந்தாளாம். பாட்டுகளுக்கு நடுவே நானாகச் சேர்த்து வாசித்ததெல்லாம். போகிற ஊரில் எல்லாம் ‘அந்தப் பழைய பிட் எங்கே’ என்று கேட்கிறார்களாம்.

“எங்கிட்டக் கேக்க வெக்கமா இல்லயா உனக்கு?” என்றேன். இப்படித்தான் கேட்டேன். வீட்டுக்கு வந்த பெண்ணிடம்.

அவள் அசையவில்லை. “நீங்களா விலகிட்டீங்கன்னுதாண்ணா எங்கிட்டச் சொன்னாங்க. தோட்ட வேலை ஜாஸ்தி, இனி வரலைன்னு. போன வாரந்தான் ராசு அண்ணன் உள்ளதச் சொன்னாரு. தெரிஞ்ச பெறகு வராம இருக்க முடியல.”

காபி வந்தது. குடித்தோம். அலமாரியில் இருந்த கறுப்பு செட்டையும் வெள்ளி செட்டையும் பார்த்துவிட்டு, “இதுதானா அது?” என்றாள். கதை முழுக்கத் தெரிந்திருக்கிறது. பதிவுகளைப் போடச் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறைதான் கேட்டாள்.

“கறுப்பு நல்ல செட்டுண்ணா. எனக்குன்னா அதத்தான் எடுப்பேன். ஆனா உங்களுக்கு வெள்ளிதான்.”

“ஏன், செவுடனுக்கு வெள்ளியா?”

“இல்லண்ணா. நீங்க கம்பிய அழுத்தி அடிக்கறீங்க. உங்க கைக்குக் கறுப்பு தாங்காது, கத்திரும். வெள்ளி உங்க அடியத் தாங்கி வாங்கிக்கும். இது காதச் சொல்லல, கையச் சொல்றேன்.”

இத்தனை மாதத்தில் என் கையைப் பற்றி ஒருத்தர் பேசினார்.

வெள்ளியை மாட்டினோம். பற்றவைக்கும்போது அவள் ஒயரைப் பிடித்துக்கொண்டாள். ஆம்பில் ட்ரெபிளை அவளே திருப்பினாள். பாதிக்கும் கீழே. “இப்ப வாசிங்க.”

வாசித்தேன். எனக்குக் கம்பளிக்குள் இருந்து கேட்டது. செத்த சத்தம். நிறுத்தப் போனேன். அம்சவேணி உள்ளேயிருந்து வந்து நிலைக்கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு ஏதோ கேட்கிறது. என் கையில் இருந்து போகிறது, எனக்கு வராமல் அவர்களுக்கு மட்டும் போகிறது.

“நல்லா இருக்குதா?” என்று கேட்டேன். என் வீட்டில், என் கிட்டாரை வாசித்துவிட்டு, நான் கேட்டேன்.

“நல்லா இருக்குதுங்க” என்றாள் அம்சவேணி. மார்ச் மாதத்துக்கு அப்புறம் அவள் குரலை நேராகக் கேட்டது இன்றுதான்.

பிட்டுகளைச் சொல்லிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் இல்லை. இரண்டை வைத்துக்கொண்டேன். அவ்வளவு நல்லவன் இல்லை நான்.

ஏப்ரல் 22

கறுப்பு செட்டை சசிதரனுக்குப் பார்சல் போட்டேன். போனில், “என்ன வித்தியாசம் தெரிஞ்சுதுங்க?” என்று கேட்டார். “எனக்குத் தெரியலீங்க, காது போயிருச்சு” என்றேன்.  முதல் தடவையாக நானே வாயால் சொன்னேன்.  சொல்லி முடித்தும் விழுந்துவிடவில்லை.

மே 26, ஞாயிறு

சோளக்காடு சந்தை. பலாப்பழ வாடை கிறங்கடிக்கிறது. முன்பு கச்சேரிக்குக் கூப்பிட்ட வளப்பூர்க்காரர் ஒருவர், “ஏனுங்க, இப்பல்லாம் வாசிக்கறதில்லீங்களா? அந்தப் புள்ள நல்லா வாசிக்குது” என்றார். ஆமாங்க, நல்லாத்தான் வாசிக்குது என்றேன்.

ஜூலை 13, சனி

ராதிகா போன். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேரவேண்டும். சந்தோஷம் என்றேன். நிஜமாகவே சந்தோஷம். “நீங்க போகணும்ணா” என்றாள். யார் கூப்பிட்டார்கள் போக?

ஜூலை 14, ஞாயிறு

கூப்பிட வந்துவிட்டான்.

ஆடிப் பெருக்குக்கு மோகனூர்ப் பக்கம் கச்சேரி ஒப்புக்கொண்டிருக்கிறான், வாசிக்க ஆள் இல்லை. தமிழ்செல்வன் இந்த வாசலில் வந்து நின்று எத்தனை காலமாயிற்று. இளைத்திருந்தான். அம்சவேணி, “வாங்கண்ணா” என்றாள். நாற்காலி போட்டாள். அவ்வளவுதான். எங்களுக்கு நடுவில் வந்து பேச இந்தத் தடவை அவள் தயாரில்லை. சாமான் துலக்கப் போய்விட்டாள்.

“தப்புதாண்டா” என்றான். “போஸ்டர் வெசயத்துல தப்புதான்.”

“போஸ்டர்ல மட்டுமா?”

தலையைக் குனிந்துகொண்டான்.

ராதிகா போய்விட்டதால் வந்திருக்கிறாய், நான் வேண்டும் என்று வரவில்லை என்றேன். இல்லை என்று மறுப்பான் என்று எதிர்பார்த்தேன். மறுக்கவில்லை. “ஆமாடா, ஆளில்லாமத்தான் வந்தேன்” என்றான். இப்போது மட்டும் எங்கிருந்து வந்ததோ இந்த உண்மை பேசுகிற பழக்கம்.

“வரேன். ஆனா குத்துனா குத்துதுன்னு சொல்லணும். எல்லாரு முன்னாடியும். பிக்கப்புன்னு சொன்னீன்னா அங்கயே கிட்டார வெச்சிட்டு வந்துருவேன்.”

“சொல்றேன்.”

கண் கலங்கினான். எனக்குக் கலங்கவில்லை. கலங்கும் என்றுதான் நினைத்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

ரிகர்சல். ட்ரெபிளைப் பாதிக்கும் கீழே வைத்தேன். எனக்குக் கம்பளி. பழக்கத்தில் கை என்னை அறியாமலே போய் ஏற்றிவிட்டது. இரண்டாவது பாட்டில் தமிழ்செல்வன் பாடுவதை நிறுத்தி, எல்லாரும் பார்க்க, “பூபதி, குத்துது. எறக்கு” என்றான்.

எறக்கினேன். பாட்டு தொடர்ந்தது. ராசு இந்தத் தடவை என்னை நேராகப் பார்த்தான்.

எவ்வளவு சின்ன வார்த்தை! ஒரு நொடிகூட ஆகவில்லை. இதைச் சொல்ல மாட்டாமல்தான் இவ்வளவும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

நேற்றுக் கச்சேரி. காவிரியில் தண்ணீர் கரை முட்டிப் போகிறது, நல்ல கூட்டம். வெள்ளி செட், ட்ரெபிள் ராதிகா வைத்த இடத்தில். எனக்குக் கேட்டதை நம்பாமல் விரலை நம்பி வாசித்தேன். டிரம்ஸ் அடி நெஞ்சில் தெரிகிறது, அதை வைத்துத் தாளம். யாருக்கும் சொல்லிக்கொடுக்காத பிட் ஒன்றை வாசித்தபோது முன்வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்று கைதட்டினார். நன்றாக இருந்திருக்க வேண்டும். அவர் முகத்தில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அம்சவேணி வந்திருந்தாள். “எப்படி இருந்துது?” என்றேன். “மூணாவது பாட்டுல கொஞ்சம் பிசகுச்சுங்க. மத்ததெல்லாம் நல்லா இருந்துது” என்றாள். பிசகினதையும் சொன்னாளே. அவள் மேல் எனக்கு இனி வருத்தம் ஒன்றும் இல்லை, அது சரியாகிவிட்டது.

சாமான்களை ஏற்றி முடித்ததும் தமிழ்செல்வன் வேனின் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பக்கத்து சீட். ஹாஸ்டல் நாளில் இருந்தே பஸ்ஸானாலும் வண்டியானாலும் அவன் பக்கத்து இடம் எனக்குத்தான்.

“ஏறுடா” என்றான்.

கேட்டது. அது நன்றாகவே கேட்டது.

பின்னால் போய், டிரம்ஸ் பெட்டிக்கும் ராசுவுக்கும் நடுவில் அம்சவேணிக்கு இடம் பண்ணிவிட்டு, நானும் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து முன்கதவு சாத்துகிற அதிர்வு காலில் தெரிந்தது. வண்டி கிளம்பியது.